வெள்ளவத்தை மாடியில் ஓர் இத்தாலிய லீக்

போன மாதம் எங்கள் பழைய தொலைக்காட்சி நிலையத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு மடிக்கணினி. உதைபந்தாட்டப் போட்டிகளுக்குக் கணினியே தமிழில் வர்ணனை சொல்லப் பழகியிருக்கிறதாம். ஓய்வுபெற்ற வர்ணனையாளர் என்ற முறையில் நான் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டுமாம். கேட்டேன். குரல் தெளிவு. உச்சரிப்பில் பிழை பிடிக்க இடமில்லை. மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை, நடுவில் தேத்தண்ணி கேட்கவில்லை. "எப்பிடி அங்கிள்?" என்றார்கள். "என்னைவிட நல்லாத்தான் இருக்கு" என்றேன். அதை அவர்கள் உடனே ஒப்புக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

போகும்போது அந்தப் பெண்பிள்ளை, "நீங்கள் இத்தாலிய லீக் செய்த சீசனைப் பற்றி எழுதித் தாங்கோவன். எங்கட்ட அதில ஒரு பதிவும் இல்லை" என்றாள். இருக்காது. அந்த நாடாக்களுக்கு மேலேதான் பிறகு சமையல் நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். உலகப் புகழ்பெற்ற வீரர்கள் பலர் எங்கள் நிலையத்தில் கத்தரிக்காய்ப் பால்கறிக்கு அடியில் கிடக்கிறார்கள்.

என் தொழிலின் ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொட்டாஞ்சேனையில் பிறந்தேன். மாதா கோயிலில் வாசகம் வாசித்தேன். "இவனுக்கு நல்ல குரல்" என்று பங்குச்சாமியார் சொன்னார். அதை நம்பி வானொலிக்குப் போனேன். அங்கே எல்லோருக்கும் நல்ல குரல். ஆகவே என்னை மரண அறிவித்தலில் போட்டார்கள்.

எங்கள் மரண அறிவித்தலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது பாதி பூகோள பாடம். பிறந்தது ஓர் ஊர், வசித்தது இன்னோர் ஊர், பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் கனடா, ஜேர்மனி, சுவிஸ், நோர்வே. சில வீட்டார் நாட்டோடு நிறுத்தாமல் நகரத்தையும் கொடுப்பார்கள். பெயரைப் பிழையாக வாசித்தால் செத்தவீட்டிலிருந்தே தொலைபேசி வரும். அந்தப் பயத்தில் வருடக்கணக்காக வாசித்து வாசித்து, நான் கண்ணால் காணாத நகரங்களெல்லாம் என் வாய்க்குப் பழகிவிட்டன. என்னிடம் அப்போது பாஸ்போட்டே இல்லை.

பிறகு எங்கள் நிலையம் தொலைக்காட்சியும் தொடங்கியது. தொடங்கிய சூட்டில் ஒரு வருடத்துக்கு இத்தாலியின் முதற்பிரிவு லீக்கை வாங்கிவிட்டார்கள். ஏன் இத்தாலி என்றால், இங்கிலாந்து எட்டாத விலை. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் தர்மா சேர் என்னைக் கூப்பிட்டார்.

"நோர்வே, ஸ்டவாங்கர் எண்டு தடக்காமல் வாசிக்கிறீர். அப்ப இத்தாலிக்காரரின்ட பேரும் உமக்கு வாயில வரும்" என்றார்.

நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். உதைபந்தாட்டம் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

ஆட்டம் தெரிந்த ஆளாக ரிஸ்வியை எனக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். தெஹிவளைக்காரன். வங்கி வேலை. முழங்கால் போகும்வரை கழகமொன்றில் முன்வரிசையில் ஆடியவன். பந்து எங்கே போகிறது என்று நான் சொல்வேன், ஏன் போகிறது என்று அவன் சொல்வான்.

கலையகம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில், மேல்மாடி. முன்பு அது டியூட்டரி, பிள்ளைகள் மேலதிக வகுப்புக்கு வந்த இடம். சுவருக்குத் தடித்த துணி அடித்து, ஜன்னலை மூடி, இரண்டு கதிரையும் ஒரு திரையும் வைத்தால் அதுதான் இத்தாலி. படம் அங்கிருந்து வரும், மைதானத்துச் சத்தமும் வரும், நாங்கள் குரலை மட்டும் மேலே போட வேண்டும். கரையோர ரயில் போகும்போது கட்டடமே ஒருமுறை குலுங்கும். துணிக்கெல்லாம் அது அடங்காது. ஒரு ஞாயிறு கல்கிசைப் பக்கம் போன ரயில் கொஞ்சம் நீளமாகவே ஊதிவிட்டது. ரிஸ்வி சளைக்காமல், "இந்த மைதானத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதையொன்று இருக்கிறது" என்றான். மறுநாள் தர்மா சேர் அவனைக் கூப்பிட்டு, எந்தத் தகவலை வைத்துச் சொன்னீர் என்று கேட்டார். அதற்குப் பிறகு ரயில் ஊதினால் நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

தர்மா சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு திங்களும் முதல் நாள் போட்டியைப் போட்டுப் பார்ப்பார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு எங்கள் குரலை மட்டும் கேட்பார். பிறகு திரையைத் திருப்பி, சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். இரண்டும் முடிந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"கோல் காப்பாளர் கோவமா இருக்கிறார் எண்டு சொன்னீர்."

"ஓம் சேர்."

"கையை உயர்த்தினது தெரிஞ்சது. கோவம் எங்க தெரிஞ்சது?"

"முகத்தில, சேர்."

"முகம் படத்தில வரேல்லை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவர்." கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். "படத்தில இருக்கிறதைச் சொல்லும். மிச்சத்தைப் பாக்கிறவன் பாத்துக்கொள்ளுவான்."

பெனல்டி என்று சொல்லக்கூடாது, தண்ட உதை. கோர்னர் என்று சொல்லக்கூடாது, மூலை உதை. எல்லாவற்றுக்கும் மேலாக, என் குரல். "கோல் விழுந்த உடனே நீர் குரலைக் கீழ இறக்கிறீர். அன்னார் காலமானார் எண்டு சொல்லப்போறீரோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு." அது உண்மை. பழக்கதோஷம்.

சீசன் தொடங்கிச் சில கிழமை போயிருக்கும். ஒரு திங்கள் காலை எனக்கென்று ஒரு தொலைபேசி அழைப்பு. வயதான பெண்குரல்.

"நீங்கள்தானே முந்தி மரண அறிவித்தல் வாசிச்ச தம்பி? என்ர மனுசன்ட அறிவித்தலும் நீங்கள்தான் வாசிச்சது. மகன்ட பேருக்குப் பிறகு இத்தாலி எண்டு வடிவாச் சொன்னனீங்கள்."

பெயர் பிலோமினா. கொட்டாஞ்சேனை, நான் வளர்ந்த வீதிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். பிலோமினா அக்காவுக்கு என்னிடம் ஒரு சின்ன உதவி தேவைப்பட்டது.

"உங்கட காமிராக்காரரிட்டச் சொல்லி, அந்த இடப்பக்கக் கோலடியை இன்னும் கொஞ்ச நேரம் காட்டச் சொல்லுறீங்களே?"

காமிரா எங்களுடையது இல்லை, படம் இத்தாலியிலிருந்து வருகிறது, நாங்கள் வெள்ளவத்தையில் இருந்துதான் பேசுகிறோம் என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப நீங்கள் அங்க இல்லையே? போன கிழமை 'இங்கே நல்ல குளிர்' எண்டு சொன்னீங்கள்."

"அது ஏசி, அக்கா."

அவர் பார்ப்பது ஒரே ஓர் அணியின் போட்டியை. கடற்கரை நகரமொன்றின் அணி, பட்டியலில் கீழிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், பாவம். அந்த அணியின் சொந்த மைதானத்தில், எங்கள் படத்துக்கு இடப்பக்கமாக வரும் கோலுக்குப் பின்னால், மஞ்சள் அங்கி போட்ட காவலர்கள் வரிசையாக நிற்பார்கள். அதில் ஒருவன் அவருடைய மகன் ஜூட். கிழமை நாட்களில் பழக்கடையொன்றில் வேலை, ஞாயிறுகளில் இது. அதே நகரத்தில் இருக்கும் மருமகன் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஏனென்றால் ஜூட் சொல்லவில்லை. ஜூட்டும் அவரும் பேசுவதில்லை.

தகப்பன் செத்தபோது ஜூட்டின் விசா புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வரவில்லை. அடக்கத்துக்கு அடுத்த நாள் அவன் தொலைபேசியில் அழைத்தபோது பிலோமினா அக்கா, "இனி எனக்கு எடுக்காத" என்று சொல்லிவிட்டார்.

"எந்த நாளும் சொல்லுக் கேளாத பிள்ளை, தம்பி. அதை மட்டும் கேட்டுப்போட்டான்."

அடுத்த போட்டியில் நானும் தேடினேன். மஞ்சள் அங்கிகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அவர் சொன்ன அடையாளம் வலது தோள் கொஞ்சம் பதிந்திருக்கும், தகப்பனுக்கும் அப்படித்தான் என்பது. ரிஸ்விதான் கண்டுபிடித்தான். மைக்கை மூடிக்கொண்டு திரையில் விரலை வைத்தான்.

"அண்ணன், இவர்தான். ஆனா பாருங்க, இந்த வேலைக்காரங்க ஆட்டத்தப் பாக்க ஏலாது. சனத்தத்தான் பாக்கோணும். முழு மெட்ச்சும் முதுகுதான்."

அது எனக்கு அதுவரை தெரியாது. மைதானத்துக்குள் நின்றுகொண்டு ஆட்டத்தைக் காணாத ஒருவன். அவன் முதுகைப் பார்ப்பதற்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு தாய். நடுவில், மைதானத்தையே காணாமல் அதைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கும் நான். உண்மையில் ஆட்டத்தை ஒழுங்காகப் பார்த்தவன் ரிஸ்வி மட்டும்தான், அவனுக்குத்தான் எல்லாரிலும் குறைந்த காசு.

அக்காவுக்குக் கண் மங்கல். கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போவதற்குள் படம் மாறிவிடும். ஆகவே நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஜூட் தெரியப்போகிறான் என்றால் நான், "கோலின் இடப்புறம் அமைதியாக இருக்கிறது" என்பேன். அவர் எழுந்து போய்ப் பார்ப்பார்.

இது சில போட்டிகள் நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு திங்கள் தர்மா சேர் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்து முடித்தார்.

"இந்த அணி விளையாடினால் மட்டும் இடப்புறம் அமைதியா இருக்குது. மற்ற மைதானங்களில இடப்புறம் எப்பிடி எண்டு நீர் சொல்லுறதில்லை. ஏன்?"

பொய் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு தடவை போட்டுப் பார்க்கும் மனிதரிடம் பொய் சொல்லி என்ன பிரயோசனம். முழுவதையும் சொன்னேன். ஜூட், தோள், தகப்பன், எடுக்காதே என்று சொன்னது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சத்தமில்லாமல் திரையில் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"ஒளிபரப்பில ஆளுக்கு ஆள் தகவல் குடுக்கக் கூடாது. அது சட்டம். இனி அந்த வசனம் வரப்படாது."

"சரி சேர்."

"போம்."

அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு ஒரு புதினம் நடந்தது. எந்தப் போட்டியைக் காட்டுவது என்று முடிவெடுப்பவர் அவர். அந்த அணி சொந்த மைதானத்தில் ஆடும் ஞாயிறு என்றால், பெரிய அணிகள் மோதுகிற போட்டியை விட்டுவிட்டு இந்தத் தோல்விக்காரரின் போட்டியையே போடத் தொடங்கினார். விளம்பரம் கொடுத்த சீமெந்துக் கம்பனிக்காரர் நேரில் வந்து, இந்த அணியை யார் பார்க்கிறார்கள் என்று குறைப்பட்டார். தர்மா சேர் அவருக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்து, "தோக்கிற ஆக்களைப் பாக்கவும் சனம் இருக்குது" என்றார். அக்காவுக்கு அடையாள வசனம் இல்லாமல் போனது, ஆனால் அவர் கதிரையைத் திரைக்கு முன்னால் நிரந்தரமாகப் போட்டுவிட்டார்.

சீசன் முடிய முடிய நான் புள்ளிப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கத் தொடங்கினேன். அணி கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கடைசி இடங்களில் முடிக்கும் அணிகளை இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். நாங்கள் வாங்கியிருந்தது முதற்பிரிவை மட்டும். அணி இறங்கினால், அடுத்த வருடம் நாங்கள் லீக்கை வாங்கினாலும் ஜூட் படத்தில் வரமாட்டான். நடுநிலை வர்ணனையாளனான நான், இத்தாலியின் அந்த மூலையில் பிறந்த எவனையும்விட அதிகமாக அந்த அணிக்காக வேண்டிக்கொண்டேன். கொட்டாஞ்சேனைக் கோயிலில் மெழுகுதிரியும் கொளுத்தினேன். இதைச் சொன்னதற்கு ரிஸ்வி, "எதுக்கு அண்ணன், ஒரு பின்வரிசைக்காரன வாங்கிக் குடுங்க" என்றான்.

அக்காவிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"நீங்கள் ஒருக்கா எடுத்தால் என்ன, அக்கா? நம்பர் மருமகனிட்ட இருக்குத்தானே."

"எடுக்காத எண்டு நானே சொல்லிப்போட்டு, நானே எடுக்கிறதோ? நல்லா இருக்கு."

"அணி இறங்கிப்போனால் பிறகு அவர்ட முகம் பாக்கேலாது."

"இப்ப மட்டும் முகமே பாக்கிறன்?" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. தாயும் மகனும் ஒரே பிடிவாதம், நடுவில் நான் ஏன் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிறேன் என்று மனைவி கேட்டாள்.

கடைசி ஞாயிறு, சொந்த மைதானத்தில், அந்த அணிக்குத் தோற்காமல் இருந்தால் போதும். சமநிலை வந்தாலும் தப்பிவிடும். இடைவேளைக்குப் பிறகு ஆளுக்கு ஒரு கோல். கடைசி நிமிடங்களில் ரிஸ்வி காரணங்கள் சொல்வதை நிறுத்திவிட்டான். எதிரணிக்கு ஒரு மூலை உதை கிடைத்தது, இடப்பக்கக் கோலில். பந்து உயர்ந்து வந்தது. இவர்களுடைய பின்வரிசைக்காரன் ஒருவன் அதை வெளியே தட்டப் போனான். அது அவன் முழங்காலில் பட்டுச் சொந்த வலைக்குள் உருண்டது. வழக்கம்போல என் குரல் இறங்கியது. அன்றைக்கு அது பொருத்தமாக இருந்தது.

நடுவர் ஊதிய பிறகு காமிரா ஆட்டத்தை விட்டுச் சனத்துக்குப் போனது. சனம் வர்ணப் புகைக் குழல்களைக் கொளுத்தி எறிந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் அங்கி பின்வாங்கி வந்து எங்கள் பக்கம் திரும்பியது. வலது தோள் பதிந்திருந்தது. அந்தச் சீசனில் முதல்தடவையாக ஜூட்டின் முகம் திரை முழுவதும் வந்தது. முப்பது வயதிருக்கும். அச்சொட்டாக எங்கள் கொட்டாஞ்சேனை முகம். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் சொல்லிவிட்டேன்.

"இதோ, ஒரு காவலர். பருவம் முழுவதும் ஆட்டத்தைத் திரும்பிப் பாராமல் நின்றவர். இன்று தன் அணிக்காக அழுகிறார்."

மறுநாள் தர்மா சேர் திரையைத் திருப்பியும் சத்தத்தைக் குறைத்தும் பார்த்து முடித்தார்.

"கண்ணைத் துடைச்சார் எண்டு சொல்லியிருக்கலாம்."

"ஓம் சேர்."

"தன்ர அணிக்காக எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. லீக்கை மறுபடி வாங்கப்போவதில்லை, அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சி வரப்போகிறது, நான் திரும்ப வானொலிக்குப் போகலாம் என்றார். நான் கதவைத் திறக்கும்போது, "அந்த அம்மா பாத்திருப்பா தானே?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் அக்காவிடமிருந்து அழைப்பில்லை. நானும் எடுக்கவில்லை, எடுத்து என்ன சொல்வது. அடுத்த ஞாயிறு, போட்டி எதுவும் இல்லாத ஞாயிறு, வீட்டுக்கே அழைத்தார்.

"தம்பி, அவன் அழேல்லையாம்."

"என்னக்கா?"

"புகையாம். கண் எரிஞ்சதாம். நீங்கள் அழுறான் எண்டு ரீவியில சொன்னீங்கள். எனக்கு வந்த விசருக்கு, மருமகனிட்ட நம்பரை வாங்கி, ஏசுறதுக்கெண்டே எடுத்தன். அப்பன்ட செத்தவீட்டுக்கு வராதவனுக்குப் பந்துக்கு மட்டும் கண்ணீர் வருதோ எண்டு கேட்டன். அது புகை அம்மா எண்டான். சத்தியமாப் புகை எண்டான். அதைச் சொல்லிச் சொல்லியே பிறகு அழத் தொடங்கிப்போட்டான். என்னையும் அழப்பண்ணினான்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இப்ப ஒவ்வொரு நாளும் எடுக்கிறான். தகப்பனைப் பற்றிக் கேக்கிறான், சொல்லுறன். பிறகு பந்தைப் பற்றிக் கேக்கிறான். அவன் ஒரு கோலும் கண்டதில்லையாம், தம்பி. சனத்தின்ட மூஞ்சையை வைச்சுத்தான் என்ன நடந்ததெண்டு விளங்குமாம். நீங்கள் ரீவியில பாத்தனீங்கள்தானே அம்மா, அந்தக் கடைசிக் கோல் என்னெண்டு போனது எண்டு கேக்கிறான். எனக்கெங்க தெரியும்? நான் அவன்ட முதுகையெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான். பொறு, நாளைக்குச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப எடுப்பான். கெதியாச் சொல்லுங்கோ."

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மற்ற அணிக்காரர் கோலுக்கு வலது மூலையில இருந்து உதைச்சாங்கள், அக்கா. பந்து உயர்ந்து வந்தது. இவங்கட ஆள் ஒருத்தர் வெளிய தட்டப் பாத்தவர், முழங்காலில பட்டு உள்ளுக்குப் போயிட்டுது."

"ஜூட் எங்க நிண்டவன் அப்ப?"

"வலைக்குப் பின்னால. நாலைஞ்சு எட்டு."

"அவ்வளவு கிட்டவே? பின்ன ஏன் திரும்பிப் பாக்கேல்லை?"

"திரும்பினால் வேலை போயிடும், அக்கா."

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு குரல் தெளிந்து வந்தது.

"சரி, முதல்ல இருந்து சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல், மெதுவாச் சொல்லுங்கோ. நான் அவனுக்குப் பிழையாச் சொல்லப்படாது."